ஐந்தாம் கட்டிலின் வலக்கை, ஆறாம் கட்டிலின் இடக்கை

டயாலிசிஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது ஒரு மரியாதை. எழுதியதைப் படிக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

இயந்திரத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. நெறிமுறைகள் எல்லாம் நீலக் கோப்பில் இருக்கின்றன. அவற்றில் பாதியை எழுதியவள் நான்தான். எத்தனை நிமிடம் கை கழுவுவது, எந்தக் குப்பை எந்த நிற வாளியில் போவது, பார்வையாளர் எந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்பது, எல்லாம் அதில் உண்டு. அதில் இல்லாத ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு முப்பது வருடம் பிடித்தது. உங்களுக்கு ஒரு மதிய உணவு இடைவேளை போதும்.

ஒரு வருடம், நோயாளிகளின் மன நலத்துக்குக் கலைகள் எப்படி உதவும் என்று எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது. பயிற்சி முடிந்த மாதமே வண்ணப் பென்சில்களும், வட்டம் வட்டமாகக் கோடு போட்ட புத்தகங்களும் ஒரு பெட்டியில் வந்து இறங்கின. நான் முறைப்படி பதிவேட்டில் ஏற்றி, கட்டிலுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். வடுகபட்டியிலிருந்து வரும் பூண்டு வியாபாரி ஒருவர் புத்தகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சிஸ்டர், கோட்டுக்கு வெளிய போயிருச்சுன்னா இன்னொரு ஊசி போடுவீகளா?"

அடுத்தது பாட்டு. சுவரில் ஒலிபெருக்கி மாட்டினார்கள். எந்தப் பாட்டு என்பதை நான் முடிவு செய்தேன், ஏனென்றால் பொறுப்பாளர் நான். மனதுக்கு இதமான பக்திப் பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காலை ஷிப்டில் போட்டேன். ஜெயமங்கலத்திலிருந்து வரும் ஒரு அம்மா கண்ணை மூடியபடியே படுத்திருந்தார். பாட்டில் லயித்துவிட்டார் என்று எனக்குப் பெருமை. இரண்டாம் நாளும் அதே பாட்டு. மூன்றாம் நாள் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துறீகளா? எங்க வீட்டுக்காரரு செத்த அன்னைக்கு ரேடியோ செட்டுக்காரன் பொழுதுக்கும் இதைத்தான் போட்டுக்கிட்டு இருந்தான்."

உடனே நிறுத்தினேன். வேறு என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் கேட்டேன் என்பதைக் கவனியுங்கள்.

"ஒண்ணும் வேணாம். எதிர்க் கட்டில்ல அவுக பாட்டுக்கு முனகிப் பாடுவாக. ஒங்க பெட்டிச் சத்தத்துல அதுதான் கேக்காமப் போச்சு."

எதிர்க் கட்டிலில் ஒருவர் பாடுவார் என்பதே எனக்குத் தெரியாது. அவருடைய இரத்த அழுத்தம், எடை, வீட்டு முகவரி எல்லாம் எனக்கு மனப்பாடம். இதிலேயே நான் பாடம் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை. இனிதான் பெரிய தவறு வருகிறது.

உங்களுக்குத் தெரியும், நம் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் இடது கையில்தான் ஊசி ஏறும். அதனால் இயந்திரமும் கட்டிலின் இடப்பக்கம் நிற்கும். இரண்டு கட்டிலுக்கு நடுவே எப்போதும் ஓர் இயந்திரம் இருக்கும். பக்கத்தில் படுத்திருப்பவரின் முகம்கூடத் தெரியாது. ஆறாம் கட்டிலுக்கு மட்டும் அப்போது விதிவிலக்கு. அதில் படுத்தவர் செல்வம். கம்பத்துக்காரர், நாற்பத்தைந்து வயது. மலைக்கு மேலே ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டியவர். அவருக்கு இடது கை சரிப்படாமல் போய், வலது கையில் அறுவை செய்திருந்தார்கள். எனவே அவருடைய இயந்திரம் வலப்பக்கம். ஐந்தாம் கட்டிலில் மாரியம்மாள். குச்சனூரில் பூக்கடை. வழக்கம்போல இடது கையில் ஊசி, இயந்திரமும் இடப்பக்கம்.

ஆக, முழு அறையிலும் இந்த இரண்டு கட்டிலுக்கு நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. மாரியம்மாள் வலக்கையை நீட்டினால் செல்வத்தின் இடக்கை எட்டும்.

செல்வத்திடம் எனக்கு ஒரே ஒரு வழக்கு. நான்கு மணி நேரம் படுக்க வேண்டியவர், இரண்டு மணி நேரத்தில் மெஷின்லருந்து எறக்கி விடுங்க என்பார். கெஞ்சினாலும் கேட்கமாட்டார்.

"சும்மா கெடக்க என்னால முடியாது சிஸ்டர். நான் என்ன கட்டிப்போட்ட ஆடா?"

இதற்கு நம்மிடம் ஒரு படிவம் இருக்கிறது. மருத்துவ ஆலோசனைக்கு மாறாக, என் சொந்தப் பொறுப்பில் இறங்குகிறேன் என்று எழுதியிருக்கும். அவர் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போடுவார். நான் துளை போட்டுக் கோப்பில் சேர்ப்பேன். துளை நேராக விழுந்ததா என்று பார்த்துக்கொள்வேன்.

பிறகு சித்திரை மாதம் வாக்கில் ஒரு மாற்றம். செல்வம் நான்கு மணி நேரமும் படுக்கத் தொடங்கினார். ஆறு வாரம் ஒரு முறைகூட இறக்கச் சொல்லவில்லை. மாத அறிக்கையில் நான் எழுதினேன்: 'தொடர் ஆலோசனையால் நோயாளியின் ஒத்துழைப்பு மேம்பட்டுள்ளது.' ஆலோசனை சொன்னவள் நான்தானே.

ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, மாரியம்மாளின் போர்வை ஓரத்தில் ஈரமாக எதுவோ பட்டது. தூக்கிப் பார்த்தேன். வாழையிலைப் பொட்டலத்தில் மல்லிகை மொட்டு. பாதி உதிரி, பாதி சரம். நூலின் ஒரு நுனி செல்வத்தின் விரலில் சுற்றியிருந்தது.

செல்வம் ஒரு கையால் மொட்டுகளை இணை சேர்த்து வைத்துப் பிடிக்க, மாரியம்மாள் ஒரு கையால் நூலைச் சுற்றி இழுக்க, இருவருமாக ஒரு சரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு வாரமாக.

பூ கட்டிப் பழகியவர்களுக்கு அது எவ்வளவு சிரமம் என்று தெரியும். தன் இரண்டு கையும் ஒன்றுக்கொன்று சொல்லாமலே செய்கிற வேலை அது. அதை வேறொருவர் கையோடு சேர்ந்து செய்வதென்றால் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பேச்சு வேண்டும்: பிடி, விடு, இறுக்கு, போதும். இதெல்லாம் பின்னால் யோசித்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சிகிச்சை அறையில் பூ கூடாது. ஈரம், மண், பூஞ்சை. நீலக் கோப்பு, நான்காம் பக்கம்.

கையுறை போட்டுக்கொண்டு பொட்டலத்தோடு எடுத்து, மஞ்சள் வாளியில் போட்டேன். இரத்தம் பட்ட பஞ்சும் துணியும் போகிற வாளி.

மாரியம்மாள் வாளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேணாம்னா வெளிய குடுத்திருக்கலாம்ல ஆத்தா. அங்கன எவளாச்சும் தலையில வச்சிருப்பா. அதுலயா போடுவாக?"

நான் வாளியை மூடினேன். வாளியின் நிறம் சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

செல்வத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தது. "எறக்குங்க" என்றார். படிவம் கொடுத்தேன்.

வியாழக்கிழமை அவர் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. முறைப்படி மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன், அணைத்து வைத்திருந்தார். அதைப் பதிவேட்டில் எழுதினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு ஆறாம் கட்டிலைத் தரும் கடிதத்தைத் தயார் செய்து மருத்துவரின் மேசையில் வைத்தேன். அன்று மருத்துவர் வரத் தாமதமானது. அதனால் கையெழுத்து ஆகவில்லை, கட்டில் காலியாக இருந்தது. எங்கள் நிர்வாகம் அன்றைக்கு மட்டும் வேகமாக வேலை செய்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

பதினொன்றரை மணிக்கு ஒரு ஜீப் வாசலில் வந்து நின்றது. செல்வத்தின் ஜீப்தான். மச்சினன் ஓட்டி வந்தார். பின்னால் செல்வம் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்பதால் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கி, செருப்பு ஏறவில்லை.

அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்தோம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதைச் செய்யத்தான் நமக்குச் சம்பளம். நான் சொல்ல நினைப்பது அதற்குப் பிறகு நடந்ததை. மூச்சுத் திணறல் சற்று இறங்கி, மானிட்டரில் கோடு ஒழுங்கான பிறகு, மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இவர் ஏன் வரல சிஸ்டர்?"

நான் கோப்பைத் திறந்து படிவத்தைக் காட்டினேன். தேதி, நேரம், கையெழுத்து, எல்லாம் இருந்தது.

அவர் அதை வாங்கிப் படித்தார், திருப்பிக் கொடுத்தார். "இது அவர் எறங்கிப் போனதுக்கு அத்தாட்சி. நான் ஏன்னு கேட்டேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. வேறு எதுவும் சொல்லவுமில்லை. என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த மிக நீளமான கண்டிப்பு அதுதான்.

நான் ஆறாம் கட்டிலுக்குத் திரும்பினேன். மாரியம்மாள் தலையை மட்டும் திருப்பி, பக்கத்துக் கட்டிலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"ஏலே, காது கேக்குதா? நீ பாட்டுக்குப் போய்ச் சேந்துட்டா எடது கைக்கு நான் எங்கிட்டுப் போவேன்? கண்ணி பிடிக்கக் கத்துக்குடுக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு. உன் தடி வெரலுக்கு."

செல்வத்தின் ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது.

"என்னது?"

அவர் முகமூடியைக் கொஞ்சம் நகர்த்தினார். "அதான் பூவைக் குப்பையில போட்டுட்டாகளே."

"குப்பையிலதானே போட்டாக. உன்னையவா போட்டாக?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண் ஓரத்தில் நீர் இறங்கியது. மாரியம்மாள் வலக்கையை நீட்டினார். செல்வத்தின் இடக்கை கட்டில் விளிம்பில் கிடந்தது. அதன்மேல் இரண்டு விரலை வைத்தார், நாடி பார்ப்பவரைப் போல. அப்படியே வைத்திருந்தார்.

நான் போய்ப் பதிவேட்டை எடுத்தேன். செல்வம் நான்கு மணி நேரம் படுக்கத் தொடங்கிய நாளைப் பார்த்தேன். அதுவரை வேறு கட்டிலில் இருந்த அவரையும் அவருடைய வலப்பக்க இயந்திரத்தையும் ஆறாம் கட்டிலுக்கு மாற்றிய நாளும் அதுதான். நான் ஆலோசனை சொன்ன நாள் எதுவும் அதன் பக்கத்தில்கூட இல்லை.

அவர்கள் இருவரும் அடுத்து வந்த நாளில் ஒரு காரியம் செய்தேன். சாதாரணக் காரியம்தான், ஆனால் முப்பது வருடத்தில் செய்யாதது. இரு கட்டிலுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பூ ஏன் கூடாது என்று சொன்னேன். பூவின் ஈரத்தில் என்ன வளரும், நான்காம் கட்டில்காரர் கழுத்தில் குழாய் போட்டிருக்கிறாரே, அதன் வழியாக அது உள்ளே போனால் என்ன ஆகும், எல்லாம். தவறு என்னுடையது, வாளியில் போட்டிருக்கக் கூடாது என்றும் சொன்னேன். இதைச் சொல்லத்தான் அதிக நேரம் பிடித்தது.

மாரியம்மாள் நான்காம் கட்டிலை எட்டிப் பார்த்தார். கழுத்தில் குழாயோடு ஒரு கல்லூரிப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அந்தப் புள்ளைக்கு ஆகாதுன்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் கொண்டாந்திருப்பேனா? கூடாது கூடாதுன்னா எனக்கு என்ன வெளங்கும்?" கொஞ்சம் யோசித்தார். "ஈரமும் மண்ணும்தானே ஆகாது?"

"ஆமா."

"காஞ்ச சாமான்னா?"

நான் அதற்குள் துணிப் பூ, ரிப்பன் பூ என்று தேனிக் கடைவீதியில் விசாரித்து வைத்திருந்தேன். சொன்னதும் அவர் முகத்தைச் சுளித்தார். "வாசம் இல்லாததக் கட்டி யாருக்குப் போட?"

அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த செல்வம் திரும்பினார்.

"ஏலக்கா."

ஏலக்காய் மாலை இந்தப் பக்கத்தில் புதிதல்ல. போடியில் பெரிய மனிதர்களுக்குப் போடுவார்கள். ஆனால் அது ஊசியால் கோர்ப்பது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏறிக்கொண்டிருக்கும் இருவர் கையில் நான் ஊசி கொடுக்க முடியாது. அதைச் சொன்னேன். இந்த முறை காரணத்தோடு.

"ஊசி எதுக்கு? தோட்டத்து ஸ்டோர்ல காய வச்சு வாலு கிள்ளுறதுக்கு முன்னாடி வாங்கிட்டா காம்பு இருக்கும்ல. பூவுக்கு இருக்க மாதிரி. நூலச் சுத்த வேண்டியதுதான்." பிறகு மாரியம்மாளைப் பார்த்தார். "நிக்குமா அக்கா?"

"நிக்க வச்சா நிக்கும்."

அன்று மாலை நான் ஒரு புது நெறிமுறை எழுதினேன். பதினோரு பிரிவு. உலர்ந்த காய் மட்டும், மூடிய பொட்டலம், புது நூல், முன்னும் பின்னும் கை கழுவுதல், இயந்திரத்தோடு இணைந்த கையை அசைக்காமை. மருத்துவர் படித்துவிட்டு, கடைசியில் தன் பேனாவால் பன்னிரண்டாவதாக ஒன்று சேர்த்தார்: தேவைப்பட்டால் செவிலியர் உதவலாம். கையெழுத்துப் போட்டார். அன்றைக்குத் தாமதமாகவில்லை.

செல்வத்தின் கூட்டாளிகள் மலையிலிருந்து காம்போடு காய் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதுவரை படுத்தவராக மட்டுமே எனக்குத் தெரிந்த மனிதர், ஒரு காயை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்து, இது முதல் பறிப்பு, இது கடைசிப் பறிப்பு, இது வெயிலில் காய்ந்து வெளுத்தது என்று பிரிப்பதைப் பார்த்தேன். மாரியம்மாளுக்கு அதில் ஒன்றும் தெரியாது. முடிச்சு அவருடையது, காய் இவருடையது.

"என்னத்தலே பொறுக்குற? எல்லாம் பச்சையாத்தான் இருக்கு."

"உங்களுக்கு மல்லியப்பூவும் முல்லப்பூவும் ஒண்ணாக்கா?"

"சரி, நீட்டு. நீட்டு, இழுக்காத. நீ என்ன கொண்டை ஊசி வளைவுலயா திருப்புற?"

அறையில் மருந்து நெடி போய் ஏலக்காய் மணந்தது. நான்காம் கட்டில் பையன் எழுந்ததும் டீ கேட்டான். அவனுக்குத் தண்ணீர் அளவு உண்டு என்பதால் கொடுக்கவில்லை.

யாருக்கு மாலை என்பதில் பேச்சு வந்தது. ஆவணியில் செல்வத்தின் மகளுக்குக் கல்யாணம். அதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. ஏன் என்று மாரியம்மாள் கேட்டபோது, நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது வரைக்கும் ஓட்டிட்டாப் போதும்னு நெனச்சேன் அக்கா. அப்புறம் வர்றதா இல்ல. வீட்டுல எல்லாருக்கும் செரமம்."

நான் குறிப்பேட்டோடு நின்றிருந்தேன். இதற்கு ஆலோசனை சொல்ல எனக்குப் பயிற்சி உண்டு, சான்றிதழும் உண்டு. வாயைத் திறக்கவும் செய்தேன். மாரியம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பிள்ளைகளே, என் பணிக்காலத்தில் நான் சரியாக எடுத்த முடிவுகளில் அதுவும் ஒன்று.

மாரியம்மாளும் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. இரண்டு கண்ணி கட்டி முடித்தார்.

"என்னைய அக்காங்குற. அப்ப உன் மகளுக்கு நான் அத்தை. அத்தை மாலை நான்தான் போடணும். வலக்கை என்கிட்ட இருக்கு, எடக்கைக்கு நீ வந்தாகணும். அது முடியட்டும், மத்ததப் பேசுவோம்."

ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள். ஒரு சாண் நீளம் ஏறும், சில நாள் அதுவும் ஏறாது. இரத்த அழுத்தம் இறங்கிய நாட்களில் நூல் சும்மா கிடக்கும். மாரியம்மாளுக்குக் கால் பிடித்து இழுத்த நாளில் செல்வம் இடக்கையால் தனியே முயன்று, சிக்கலாக்கி, பாதி மத்தியானம் திட்டு வாங்கினார். அளந்து பார்க்கச் செல்வத்தின் கையால் முழம் போட்டபோது, "இந்த நீளக் கைக்கு முழம் போட்டா நான் கடையச் சாத்த வேண்டியதுதான்" என்றார் மாரியம்மாள். அந்த மாதங்களில் செல்வம் ஒரு நாளும் தவறவில்லை. அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நெடுநேரம் யோசித்தேன். 'மாலை' என்று எழுதினேன். மேலிடத்திலிருந்து நேரத்தைத் தெளிவுபடுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, மூன்று மணி. செல்வத்தின் இயந்திரம் முடிந்துவிட்டதென்று சத்தம் போட்டது. அடுத்த ஷிப்டுக்காரர்கள் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஊசி எடுக்கப் போனேன்.

"ரெண்டே கண்ணி சிஸ்டர்," என்றார் செல்வம். "கொஞ்சம் பொறுங்க."

சத்தத்தை அமர்த்திவிட்டுப் பொறுத்தேன். இரண்டு கண்ணி முடிந்தது. கடைசி முடிச்சு விழவில்லை. மாலையின் இரு நுனியையும் சேர்த்துப் பிடிக்க அவர் இடக்கை, நூலைச் சுற்ற இவர் வலக்கை. முடிச்சை அழுத்திப் பிடிக்க ஆளில்லை. இரண்டு முறை நழுவியது. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

கையுறையை மாற்றிக்கொண்டேன். பழக்கம் விடாது. ஆள்காட்டி விரலை முடிச்சின்மேல் வைத்தேன்.

"நல்லா அமுத்துங்க. இன்னும். ம்." நூல் என் விரலைச் சுற்றிப் போய் வந்தது. மாரியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். "ஆச்சு. ஒண்ணு ஆச்சு. ஒத்த மாலைய வச்சுக்கிட்டு என்ன செய்ய, மாப்பிள்ளைக்கு எவன் கட்டுவான்?"

"அதுக்குள்ளயா? மூணு நாள்தான் இருக்கு அக்கா."

"மறுவீட்டுக்குப் போடுவோம். இல்ல, மொதப் புள்ளைக்குப் போடுவோம். நீ பாட்டுக்கு வந்து படு."

செல்வம் மாலையைப் பார்த்தார். "சனிக்கெழம காய் கொண்டாரேன். இந்தத் தடவ பெரிய காயா எடுக்கணும்" என்றார்.

நான் விரலை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை.

"இருங்க சிஸ்டர், அசையாதீக" என்றார் மாரியம்மாள். "உங்களையும் சேத்துக் கட்டிப்புட்டேன்."

கத்தரிக்கோல் கொண்டுவந்து நீலக் கையுறையின் நுனியை வெட்டித்தான் விரலை விடுவிக்க வேண்டியிருந்தது. முடிச்சை அவிழ்க்க இருவருமே சம்மதிக்கவில்லை. செல்வத்தின் மகள் அந்த மாலையோடு மணவறையில் உட்கார்ந்தபோது, பிடரிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு நீல ரப்பர்த் துணுக்கு இருந்தது.